28 திரெட் ஜியானா, 6 கோர் டெஸ்க்டாப்பா? தம்பிக்குப் போட்டுக் காட்டிய கணக்கு



போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அத்தை பையன் போன் பண்ணினான். நவல்பட்டு எல்காட் பார்க்குல வேலை, சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது. "அக்கா, ஒரு ஜியான் செட் கிடைக்குது. 14 கோர், 28 திரெட். புது ஆறு கோர் செட்டை விட பத்தாயிரம் கம்மி. கேமும் ஆடலாம், வீடியோ எடிட்டிங்கும் பண்ணலாம். எடுத்துடவா? இல்லைன்னா புதுசு நோ காஸ்ட் இஎம்ஐ-ல போடவா?"

நான் ஆடிட்டர். கம்ப்யூட்டர் இன்ஜினியர் இல்லை. ஆனா இந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இருந்தது. காரணம், இதே தப்பை நான் காசு கொடுத்துப் பண்ணியிருக்கேன்.

பிராக்டிஸ் ஆரம்பிச்ச முதல் வருஷம். ஸ்ரீரங்கத்துல மாடியில ஒரு சின்ன ஆபீஸ். "சர்வர் புராசசர் மேடம், யானை மாதிரி உழைக்கும்" என்று ஒரு கடையில சொன்னாங்க. பழைய ஜியான் மெஷின் ஒன்று வாங்கினேன். கோர் எண்ணிக்கையைப் பார்த்து எனக்கே பெருமை. என் எக்செல் மேக்ரோ மட்டும் பழைய லேப்டாப்பை விட மெதுவா ஓடிச்சு. சரி, பழகிடும்னு விட்டேன். செப்டம்பர் கடைசி வாரம், டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட் கடைசித் தேதி 30, அன்னைக்குப் பார்த்து போர்டு போச்சு. அந்த மாடல் போர்டு திருச்சியில கிடைக்கலை. பேக்கப் இருந்ததால டேட்டா பிழைச்சது. ஆனா நாலு நாள், ஒரு வாடகை லேப்டாப், ரெண்டு கிளையன்ட்டோட கோபம். இதெல்லாம் வாங்கும்போது எந்த கொட்டேஷன்லயும் இல்லை.

அதனால தம்பியை வீட்டுக்கே வரச் சொன்னேன். ஒரு பேப்பர்ல போட்டுக் காட்டினதை இங்கே அப்படியே எழுதறேன்.

முதல்ல வித்தியாசம் என்னன்னு பார்ப்போம்

ஸ்ரீரங்கத்துக்கு வர்ற ஒண்ணாம் நம்பர் டவுன் பஸ் தெரியும் இல்லையா? ஒரு தடவையில அறுபது பேரை ஏத்திக்கிட்டு வரும். பைக்கில ரெண்டு பேர் தான். அறுபது பேரை காவிரிப் பாலம் தாண்ட வைக்கணும்னா பஸ் தான் புத்திசாலித்தனம். ஆனா நீங்க ஒரே ஆள், அவசரமா மெயின்கார்டு கேட் போகணும்னா? பஸ்ஸில அறுபது சீட் இருக்குங்கிறதால நீங்க சீக்கிரம் போய்ச் சேர மாட்டீங்க.

சர்வர் புராசசர் அந்த பஸ். ஒரே நேரத்துல நூற்றுக்கணக்கான பேர் வேலை கொடுப்பாங்க, எல்லாத்தையும் நிக்காம, தப்பில்லாம செய்யணும். அதுக்காக நிறைய கோர், மிதமான வேகம், நிறைய ராம் போடும் வசதி, மெமரியில வர்ற பிழையைத் தானே திருத்தும் இசிசி ராம்.

கேமிங் டெஸ்க்டாப் புராசசர் பைக். கோர் கம்மி, ஆனா ஒவ்வொரு கோரும் வேகம்.

தம்பி பார்த்த செட்டில இருந்தது இன்டெல் ஜியான் இ5-2680 வி4. 2016-ல் வந்தது. 14 கோர், 28 திரெட், அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், அதிகபட்சம் 3.3, 120 வாட். பக்கத்துல வைக்க ரெண்டு டெஸ்க்டாப் சிப் எடுத்துக்கிட்டேன். இன்டெல் கோர் ஐ5-12400: 2022, 6 கோர், 12 திரெட், அதிகபட்சம் 4.4 கிகாஹெர்ட்ஸ், 65 வாட். ஏஎம்டி ரைசன் 5 5600: அதுவும் 2022, 6 கோர், 12 திரெட், 4.4 கிகாஹெர்ட்ஸ், 65 வாட்.

வெறும் 3.3-க்கும் 4.4-க்கும் உள்ள வித்தியாசம் மட்டும் இல்லை இது. நடுவில ஆறு வருஷம் டிசைன் முன்னேறியிருக்கு. அதே ஒரு கிகாஹெர்ட்ஸில் புதுசு அதிக வேலை முடிக்கும். கேம் எல்லாம் பெரும்பாலும் சில கோர்களோட வேகத்தையும் கேஷ் மெமரியையும் தான் நம்பியிருக்கு. அதனால தான் ஏஎம்டி 2022-ல ரைசன் 7 5800எக்ஸ்3டி விட்டப்போ கோரைக் கூட்டலை. எட்டு கோரையே வச்சுக்கிட்டு எல்3 கேஷை 96 எம்பி ஆக்கினாங்க. கேமர்கள் அதைத் தேடித் தேடி வாங்கினாங்க.

என் எக்செல் கதைக்கும் விடை இது தான். மேக்ரோ ஒரு கோர்ல தான் ஓடும். மீதி கோர் எல்லாம் வேடிக்கை பார்க்கும், கரண்ட் மட்டும் சாப்பிடும்.

அப்போ சர்வர் சிப் வீணா?

இல்லவே இல்லை. நம்ம ஊர்லயே நல்ல உதாரணம் இருக்கு. துவாக்குடி என்ஐடி-யில 2022 மே மாசம் தொடங்கி வச்ச சூப்பர் கம்ப்யூட்டர், பரம் பொருள். தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்துல சி-டாக் அமைச்சது, 838 டெராஃப்ளாப்ஸ் திறன். பேரே 'பொருள்', நம்ம சப்ஜெக்ட்! அங்கே ஆராய்ச்சி மாணவர்கள் பல பேர் ஒரே நேரத்துல கணக்கு கொடுப்பாங்க. ராத்திரி பகல் ஓடும். சூட்டைத் தணிக்க திரவக் குளிரூட்டல். பார்த்துக்க ஆள். அந்த இடத்துல சர்வர் வகை வன்பொருளுக்குக் கொடுக்கற ஒவ்வொரு ரூபாயும் நியாயம்.

உங்க வீட்டு மாடி அறையில, மே மாச திருச்சி வெயில்ல, ஒரே ஆள் ஆடற கேமுக்கு அந்த நியாயம் பொருந்தாது. பொருள் ஒண்ணு தான். பயன் தான் விலையைத் தீர்மானிக்குது.

ஏன் இவ்வளவு மலிவு?

அந்த 2680 வி4 வெளிவந்தப்போ இன்டெல் பட்டியல் விலை 1,700 டாலருக்கு மேல். இன்னைக்கு சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்குது. "லட்ச ரூபாய் சிப் இது" என்று விக்கிறவங்க சொல்றப்போ நமக்குள்ள ஒரு மணி அடிக்கும். அந்த மணியை நம்பாதீங்க. டேட்டா சென்டர்கள் சில வருஷத்துக்கு ஒரு தடவை சர்வர்களை மாத்துவாங்க. அவங்க கணக்குப் புத்தகத்துல அதோட மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம் ஆகியிருக்கும். கொடுத்த விலைக்கு உழைப்பை வாங்கிட்டுத் தான் வெளியே விடறாங்க. ஒருத்தர் 2016-ல் கொடுத்த விலை உங்களுக்குக் கிடைக்கற தள்ளுபடி இல்லை. பழைய ஷேர் 'ஒரு காலத்துல ஆயிரம் ரூபாய் இருந்தது' என்று சொல்லி வாங்கற மாதிரி தான் இது.

சிப் சுலபத்துல சாகாது. பிரச்சினை போர்டு. இந்த சிப்புகளுக்குப் பேர் தெரியாத 'எக்ஸ்99' போர்டு போட்டு செட்டா விக்கறாங்க. வாரன்ட்டி பெரும்பாலும் கடைக்காரர் வாய்வார்த்தை. புது டெஸ்க்டாப் சிப்பைப் பெட்டியோட வாங்கினா இன்டெல்லும் ஏஎம்டியும் மூணு வருஷ வாரன்ட்டி தர்றாங்க.

யாரும் சொல்லாத ஒரு செலவு: விண்டோஸ்

இதைக் கொஞ்சம் கவனமா படிங்க. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட புராசசர் பட்டியல்ல இந்த ஜியான் வி4 இல்லை. குறுக்கு வழியில இன்ஸ்டால் பண்ணலாம், பண்றாங்க. ஆனா அப்படிப் போட்டா அப்டேட் கிடைக்கும்னு உத்தரவாதம் கிடையாதுன்னு மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கு.

கேம் ஆட மட்டும்னா பரவாயில்லைன்னு நினைப்பீங்க. அதுலயும் சிக்கல் உண்டு. விண்டோஸ் 11-ல் வாலரன்ட் ஆடணும்னா டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட்டும் வேணும்.

எனக்கு அதை விடப் பெரிய கவலை வேற. அதே மெஷின்ல தான் நெட் பேங்கிங் திறப்பீங்க, டிமேட் லாகின் பண்ணுவீங்க, ரிட்டர்ன் ஃபைல் பண்ணுவீங்க. பாதுகாப்பு அப்டேட் வராத மெஷின்ல உங்க சேமிப்பு மொத்தத்துக்குமான சாவியைத் தட்டச்சு பண்றீங்க. பத்தாயிரம் மிச்சம் பிடிக்க இந்த ரிஸ்க் எதுக்கு? லினக்ஸ் தெரிஞ்சவங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அவங்களுக்கு பதில் வேற, கீழே வரேன்.

இப்போ கணக்கு

விலை வாரா வாரம் மாறுது, அதுலயும் ராம் விலை கேட்கவே வேண்டாம். புரியறதுக்காக முழு எண்ணா வைக்கிறேன். உங்க கையில இருக்கற கொட்டேஷனை அந்த இடத்துல போட்டுக்கோங்க.

- ஜியான் செட் (சிப், போர்டு, ராம்): ₹20,000
- புது ஆறு கோர் செட் (சிப், போர்டு, ராம்): ₹30,000
- கேபினட், எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி: ரெண்டுக்கும் ₹15,000
- கிராபிக்ஸ் கார்டு: ரெண்டுக்கும் ₹25,000

மொத்தம் 60,000-க்கும் 70,000-க்கும். வித்தியாசம் ₹10,000. தம்பி இங்கேயே நிறுத்திட்டான். நாம மூணு வருஷத்துக்குப் போவோம்.

கரண்ட்: வாட் எண்ணை அப்படியே கரண்ட் செலவா எடுக்கக் கூடாது. ஆனா ஒரு மதிப்பீடா ஜியான் மெஷின் 60 வாட் கூடுதலா இழுக்குதுன்னு வைப்போம். தினம் 6 மணி நேரம் ஓடினா வருஷத்துக்கு சுமார் 131 யூனிட். யூனிட் 8 ரூபாய்னு போட்டா ₹1,050. மூணு வருஷத்துக்கு ₹3,150.

ஏன் 8 ரூபாய்? நம்ம வீட்டு பில் ரெண்டு மாசக் கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம். ஆனா கூடுதலா எரிக்கற யூனிட் எப்பவுமே உங்க மேல் படியில தான் போய் உட்காரும். ஏசி ஓடற வீட்டுல அது 500-க்கு மேல் இருக்கும், அங்கே யூனிட் 8 ரூபாய்க்கு மேல். இன்னொரு விஷயம், 500-ஐத் தாண்டினா 101-லிருந்து 200 வரைக்கும் கிடைக்கற சலுகை விலையும் போயிடும். 490-ல் நிக்கற வீட்டை இந்த மெஷின் தள்ளி விட்டா அடி ரெண்டு பக்கமும்.

மறுவிற்பனை: மூணு வருஷம் கழிச்சு ஜியான் செட்டுக்கு 20 சதவீதம், அதாவது ₹4,000 தான் வரும்னு வைக்கிறேன். அப்போ அது பத்து வருஷத்தைத் தாண்டின சரக்கு. புது செட்டுக்கு 40 சதவீதம், ₹12,000.

சேர்த்துப் பாருங்க:

- ஜியான்: 20,000 + 3,150 − 4,000 = ₹19,150
- புதுசு: 30,000 − 12,000 = ₹18,000

பத்தாயிரம் மிச்சம் எங்கே போச்சு? நேர்மையா ஒண்ணு சொல்லணும். புது செட்டுக்கு 40-க்குப் பதிலா 30 சதவீதம் தான் கிடைச்சதுன்னா அதோட செலவு ₹21,000. அப்போ ஜியான் ₹1,850 மலிவு. அதாவது உண்மையான வித்தியாசம் ஆயிரம், ரெண்டாயிரம் இப்படியோ அப்படியோ தான். அந்தத் தொகைக்காக வாரன்ட்டி, அப்டேட், வேகம் மூணையும் விட்டுக் கொடுக்கணுமா என்பது தான் கேள்வி. ஒரு தடவை போர்டு போனா அந்த ரெண்டாயிரமும் காலி.

"டாக்ஸ்ல கழிச்சுக்கலாமே அக்கா?"

தம்பி கேட்ட அடுத்த கேள்வி. எல்லாரும் கேட்கறதால விரிவா சொல்றேன்.

சம்பள வருமானத்துல கம்ப்யூட்டர் வாங்கின செலவைக் கழிக்க முடியாது. உங்களுக்கு இருக்கறது ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் மட்டும். புது முறையில ₹75,000, பழையதுல ₹50,000. வொர்க் ஃப்ரம் ஹோம் பண்ணினாலும் இதே தான்.

ஃப்ரீலான்ஸ் எடிட்டிங், கோடிங்னு தனி வருமானம் இருந்தா கதை வேற. கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம். ₹70,000 மெஷினுக்கு முதல் வருஷம் ₹28,000, அடுத்த வருஷம் மீதி 42,000-ல் ₹16,800. வாங்கின வருஷம் 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா முதல் வருஷம் பாதி தான். இதுல நாலு விஷயம் மறக்காதீங்க:

1. வருமானத்துல பாதியை லாபம்னு காட்டற அனுமான வரி முறையை எடுத்திருந்தா தேய்மானம் தனியா கிடையாது. அதுக்குள்ளேயே அடக்கம்.
2. பாதி நேரம் கேம் ஆடினா பாதி தான் தொழில் செலவு.
3. பழைய மெஷினுக்கும் தேய்மானம் உண்டு. ஆனா பில் வேணும். ஒரே நாள்ல ஒருத்தருக்கு ₹10,000-க்கு மேல் ரொக்கமா கொடுத்தா அந்தத் தொகை சொத்தோட விலையில சேராது. "பில் வேண்டாம்னா ஆயிரம் குறைச்சுக்கறேன்" என்பதோட உண்மையான விலை இது தான்.
4. புது முறையில மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள்ள இருந்தா உங்க வரியே பூஜ்யம். பூஜ்யத்துல எதைக் கழிக்கறது?

ஒரு நல்ல வழி இருக்கு, பல பேருக்குத் தெரியாது. கம்பெனி தன் பேர்ல வச்சிருக்கற கம்ப்யூட்டரை உங்களுக்குப் பயன்படுத்தக் கொடுத்தா அதுக்கு வரி கிடையாது. பழசானதும் உங்களுக்கே வித்தா, மதிப்பை வருஷத்துக்கு 50 சதவீதம் குறைச்சுக்கிட்டே வருவாங்க. ₹80,000-க்கு வாங்கின வொர்க்ஸ்டேஷன் மூணு வருஷம் முடிஞ்சா ₹10,000. அதை உங்களுக்கு ₹10,000-க்குக் கொடுத்தா வரியே வராது. கம்பெனியில மெஷின் மாத்தறாங்களான்னு அட்மின்ல ஒரு வார்த்தை கேட்டு வைங்க. பேர் தெரிஞ்ச பிராண்டு, பில்லோட வரும்.

நோ காஸ்ட் இஎம்ஐ

வட்டியில்லாத கடன் கிடையாது. ரிசர்வ் வங்கியே 2013-ல் இதைச் சொல்லி பேங்குகளை எச்சரிச்சிருக்கு. ₹70,000-ஐ 12 மாசத்துக்குப் போட்டா, 15 சதவீத வட்டின்னு வைங்க, சுமார் ₹5,370 வட்டி உள்ளே ஒளிஞ்சிருக்கும். கடைக்காரர் அதைத் தள்ளுபடியா காட்டுவார். ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் ₹970, உங்க கார்டு பில்லுல வரும். பிராசசிங் ஃபீஸ் தனி. நேர்ப்பணத்துக்குக் கிடைச்சிருக்கக் கூடிய தள்ளுபடியும் போகும்.

இதை விட முக்கியம், தம்பியோட எமர்ஜென்சி ஃபண்ட். கையில ₹1,10,000. வீட்டுச் செலவு மாசம் 30,000. மூணு மாசத்துக்கே 90,000 வேணும். அத்தை மாமாவுக்கு மாத்திரை செலவு வேற. அப்போ அவன் உண்மையா செலவழிக்கக் கூடியது எவ்வளவு? ₹20,000. 60,000-மும் இல்லை, 70,000-மும் இல்லை. இதைச் சொன்னப்போ கொஞ்ச நேரம் பேசாம இருந்தான்.

யாருக்கு எது?

ஜியான் வாங்கலாம், நீங்க:

- லினக்ஸ் தெரிஞ்சு, வீட்டுல பத்துப் பதினைந்து விர்ச்சுவல் மெஷின் ஓட்டி டெவ்ஆப்ஸ் கத்துக்கறவரா இருந்தா. 64, 128 ஜிபி ராம் வேணும்னா பழைய சர்வர் ராம் இதுல போடலாம். ஆனா அந்த ரெஜிஸ்டர்டு ராம் சாதாரண டெஸ்க்டாப் போர்டுல வேலை செய்யாது, ஞாபகம் இருக்கட்டும்.
- ராத்திரி முழுக்க ரெண்டரிங் ஓடவிட்டு காலையில எடுக்கறவரா இருந்தா.
- ரெண்டாவது மெஷினா வாங்கினா. பிழைப்பு நடக்கற ஒரே மெஷினா வேண்டாம்.

ஆனா 24 மணி நேரமும் ஓட்டினா அதே 60 வாட் கூடுதல், மூணு வருஷத்துல ₹12,600 ஆகும். கத்துக்க மாசம் இருபது மணி நேரம் போதும்னா கிளவுடுல மணிக்கணக்குக்கு வாடகை எடுத்துப் பாருங்க. முடிஞ்சதும் ஆஃப் பண்ண மறக்காதீங்க.

இசிசி வேணும், ஆனா பழசு வேண்டாம் என்கிறவங்களுக்கு நடுவழியும் உண்டு. ஏஎம்டி 2024-ல் விட்ட எபிக் 4004 வரிசை, டெஸ்க்டாப் ரைசன் உட்கார்ற அதே ஏஎம்5 சாக்கெட்டுல உட்காரும் சர்வர் சிப். சின்ன ஆபீஸ் சர்வருக்கு விசாரிக்கலாம்.

கேம், எடிட்டிங், எக்செல், ஆபீஸ் வேலை, பேங்கிங் எல்லாம் ஒரே மெஷின்லன்னா புது ஆறு கோர் டெஸ்க்டாப் சிப் போதும். மிச்சக் காசை கிராபிக்ஸ் கார்டுல போடுங்க.

தம்பி என்ன பண்ணப் போறான்?

இன்னைக்கு எதையும் வாங்கலை. நாலு மாசத்துக்கு மாசம் ₹7,000 தனியா எடுத்து வைக்கறான். அதோட அந்த 20,000 சேர்ந்தா ₹48,000. கிராபிக்ஸ் கார்டு இல்லாம மெஷின் விலை ₹45,000. அதுக்கு ஒரு சின்ன விஷயம் போதும்: ஐ5-12400 வாங்கணும், பின்னாடி 'எஃப்' போட்ட 12400எஃப் வேண்டாம். எஃப் இல்லாததுல கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கு, படம் வரும், லேசான கேம் ஓடும். தீபாவளி போனஸ்ல கார்டு போட்டுக்கலாம். ரைசன் 5 5600-ல் உள் கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாம திரையே வராது. ஜியானும் அப்படித் தான்.

கிளம்பும்போது சொன்னான், "28 திரெட்னு பார்த்ததும் கண்ணு அங்கேயே நின்னுடுச்சு அக்கா." எனக்கும் அப்படித் தான் நின்னுச்சு தம்பி. எனக்கு அதோட விலை செப்டம்பர் கடைசியில தான் தெரிஞ்சது.

கடைக்குப் போகறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல நாலு வரி எழுதுங்க: தினம் எத்தனை மணி நேரம், என்ன வேலை, மூணு வருஷ மொத்தச் செலவு, வாங்கின பிறகு கையில எத்தனை மாசச் செலவுக்குப் பணம். கடைசி வரியில மூணுக்குக் கீழே வந்தா எந்த புராசசரும் இப்போ வேண்டாம்.